துருவக் கடல்கள் உலகத் தட்பவெப்பத்தை எப்படி ஆட்டிவைக்கின்றன?

“துருவக் கடல்களில் இருக்கும் வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்புகிறது என்று பள்ளியில் படித்தோம். அதைத் தவிர உலகத் தட்பவெப்பத்தில் அந்தக் கடல்களுக்கு என்ன வேலை? அங்கே பனி குறைந்தால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருப்பவர்களுக்கு என்ன ஆகும்?” கேள்வி இதுதான்.

பள்ளியில் சொன்னது சரி. ஆனால் விஷயத்தில் அது கால்வாசிதான். காற்று மண்டலமும் ஆழ்கடலும் நேருக்கு நேர் சந்திக்கும் இடங்கள் உலகத்தில் மிகச் சில. அவற்றில் பெரும்பாலானவை துருவங்களை ஒட்டியே இருக்கின்றன. பூமியில் சேரும் கூடுதல் வெப்பத்தில் எவ்வளவு கடலுக்குள் இறங்கும், புகைபோக்கிகளிலிருந்து கிளம்பும் கரியமில வாயுவில் எவ்வளவு ஆழத்துக்குப் போகும், போனது எப்போது திரும்பி வரும் என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது. என் கணக்கில் துருவக் கடல்களின் முதல் வேலை இதுதான்.

சரி, முதலில் அந்தப் பனியையே எடுத்துக்கொள்வோம். புதிதாகப் பனி பெய்து மூடிய கடல்பனி, தன்மேல் விழும் வெயிலில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். பனி விலகிய கடல் திருப்புவது சுமார் 6, 7 சதவீதம். மிச்சம் முழுவதும் தண்ணீருக்குள் போகிறது. செயற்கைக்கோள்கள் தொடர்ந்து அளக்கத் தொடங்கிய 1979-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஆர்க்டிக் கடல்பனி மிகவும் குறைந்திருக்கும் செப்டம்பரில்கூட சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டர் இருந்தது. 2012 செப்டம்பரில் அது 34 லட்சத்துக்கு இறங்கியது. வெயிலைத் திருப்பிக்கொண்டிருந்த பரப்பில் பாதி, வெயிலை விழுங்கும் பரப்பாக மாறிவிட்டது. சூடான கடல் மேலும் பனியை உருக்கும். பனி போன இடம் மேலும் சூடாகும்.

இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஆர்க்டிக்கில் காற்று அதிகமாகச் சூடாகியிருப்பது கோடையில் இல்லை; இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும்தான். அப்போது அங்கே சூரியனே அநேகமாக இருக்காது! வெயிலே இல்லாத மாதங்களில் வெயிலைத் திருப்பி அனுப்புவதைப் பற்றிப் பேசி என்ன பயன்?

பதில், கடல்பனி ஒரு மூடி என்பதில் இருக்கிறது. கோடையில் பனி உருகிக்கொண்டிருக்கும்வரை அதன்மேல் உள்ள காற்று பூஜ்ஜியம் டிகிரியை விட்டு அதிகம் நகராது; வரும் வெப்பமெல்லாம் உருக்குவதற்கே செலவாகிவிடும். திறந்து கிடக்கும் நீர் விழுங்கிய வெப்பம் மேல்மட்டக் கடலில் தங்கிவிடுகிறது. அக்டோபரில் இருட்டத் தொடங்கும்போது அந்தக் கடல் உறைய வேண்டும். உறைவதற்கு முன்னால் சேர்த்த வெப்பத்தை வெளியே விட்டாக வேண்டும். ஆகவே உறைவது தள்ளிப்போகிறது. பனி மெல்லியதாகவே உருவாகிறது. குளிர்காலம் முழுவதும் மூடி ஒழுகுகிறது. அந்த ஒழுக்கு எவ்வளவு என்று பாருங்கள்: மேலே காற்று மைனஸ் 30 டிகிரி, கீழே நீர் மைனஸ் 1.8 டிகிரி. நடுவில் இரண்டு மீட்டர் கனத்தில் பனி இருந்தால் ஒரு சதுர மீட்டருக்குச் சில பத்து வாட் வெப்பம்தான் மேலே கசியும். பக்கத்திலேயே ஒரு விரிசல் திறந்தால் அதன் வழியே பல நூறு வாட் கொட்டும். குளிர்காலத்தில் அந்த விரிசல்களிலிருந்து புகை எழும்புவதுபோல் ஆவி பறக்கும். கடல் தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 1979-க்குப் பிறகு ஆர்க்டிக் உலகச் சராசரியைவிட மூன்று, நான்கு மடங்கு வேகமாகச் சூடாகியிருப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அந்தச் சூடு ஏன் குளிர்காலத்தில் உச்சமாகத் தெரிகிறது என்பதை இந்த மூடி இல்லாமல் விளக்க முடியாது.

இனி ஆழத்துக்குப் போவோம். 1751-ல் ஹென்றி எல்லிஸ் என்பவர், அடிமை வணிகக் கப்பல் ஒன்றின் தலைவர், வட அட்லாண்டிக்கில் 25 டிகிரி அட்சரேகைக்கு அருகே ஒரு வாளியைக் கயிற்றில் கட்டிக் கடலுக்குள் இறக்கினார். இறங்கும்போது நீர் உள்ளே ஓடி வெளியேறும்படியும், மேலே இழுக்கும்போது மூடிக்கொள்ளும்படியும் அதில் கதவுகள் இருந்தன. உள்ளே ஒரு வெப்பமானி. ஒரு கிலோமீட்டருக்கும் கீழே இருந்து வந்த நீர், மேலே இருந்த நீரைவிட வெகுவாகக் குளிர்ந்திருந்தது. அவர் அதை வைத்து ஒயினைக் குளிரவைத்தார், குளித்தார், அத்தோடு விட்டுவிட்டார். வெப்பமண்டலக் கடலுக்கு அடியில் இவ்வளவு குளிர் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை சொன்னவர் ரம்ஃபோர்டு பிரபு என்று அறியப்பட்ட பெஞ்சமின் தாம்சன். அதற்குள் பதினெட்டாம் நூற்றாண்டே முடியப் போயிற்று. அந்த நீர் துருவப் பகுதிகளில் மூழ்கி, அடியோடு ஊர்ந்து வந்திருக்க வேண்டும். வேறு வழி இல்லை என்றார். அதுதான் உண்மை. பூமத்திய ரேகையில் மேலே 28 டிகிரி நீர் இருக்கும் இடத்தில்கூட நான்கு கிலோமீட்டர் கீழே போனால் ஒன்றிரண்டு டிகிரிதான்.

அந்த நீர் மூழ்குவதற்குக் குளிர் மட்டும் போதாது, உப்பும் வேண்டும். குளத்து நீர் 4 டிகிரியில் மிகக் கனமாக இருக்கும். அதற்குக் கீழே குளிர்ந்தால் இலேசாகி மேலேயே நின்று உறைந்துவிடும். கடல்நீர் அப்படி இல்லை. ஒரு கிலோவுக்கு 35 கிராம் உப்பு இருக்கும் நீர், உறையும் புள்ளியான மைனஸ் 1.8 வரைக்கும் கனமாகிக்கொண்டே போகும். உறையும்போது இன்னொன்றும் நடக்கிறது. பனிப்படிகத்துக்குள் உப்புக்கு இடமில்லை. உறைந்த பனியில் கொஞ்சம் உப்பு சிறு குழிகளில் சிக்கிக்கொள்ளும். மற்றதெல்லாம் அடர்த்தியான உப்புநீராகக் கீழே வடிந்து, அங்குள்ள நீரை மேலும் கனமாக்கும். பசிபிக்கின் வடகோடியும் குளிரானதுதான். ஆனால் அங்கே மேல்நீரில் உப்பு குறைவு என்பதால் ஆழத்தின் அடிவரை நீர் மூழ்குவதில்லை. அட்லாண்டிக்கில் உப்பு அதிகம், அங்கே மூழ்குகிறது. உலகின் ஆழ்கடல் ஓட்டம் முழுவதும் இந்தச் சின்ன வித்தியாசத்தின்மேல் நிற்கிறது.

அண்டார்க்டிகாவின் கரையில் இது இன்னும் தீவிரம். ராஸ் கடலின் டெரா நோவா வளைகுடாவை எடுத்துக்கொள்ளுங்கள். பனிப்பீடபூமியில் குளிர்ந்து கனமான காற்று சரிவில் உருண்டு இறங்கி, கடும் வேகத்தில் கடல்மேல் பாய்கிறது. நீர் உறைந்த உடனே அந்தப் பனியைக் காற்று கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போய்விடும். திறந்த நீர் மறுபடி உறையும்; மறுபடி தள்ளும். குளிர்காலம் முழுக்க இதே வேலை. சுற்றிலும் பனி இறுகிக் கிடக்க, நடுவில் இந்த இடம் மட்டும் திறந்தே இருக்கும். ஒவ்வொரு முறை உறையும்போதும் உப்பு கீழே இறங்குகிறது. கரையை ஒட்டி ஆழம் குறைவாக இருக்கும் கடல்தளமான கண்டத்திட்டின்மேல் தேங்கும் அந்தக் கனத்த நீர், விளிம்பு வழியே சரிந்து கடலின் அடித்தளத்துக்குப் போய், அண்டார்க்டிக் அடிநீர் என்ற பெயரில் வடக்கு அரைக்கோளம்வரை ஊர்கிறது.

இது நடக்கும் இடங்களாக வெடல் கடல், ராஸ் கடல், அடேலி கரை ஆகிய மூன்றும் நெடுநாளாகத் தெரியும். நான்காவதாகக் கேப் டார்ன்லி என்ற இடம் 2013-ல் உறுதியானது. அதில் யானைச் சீல்களுக்கும் பங்கு உண்டு. கப்பல் நுழைய முடியாத குளிர்காலப் பனிக்குள் அவை பாட்டுக்குப் போய் ஆழத்தில் முங்கி மீன் தேடும். அவற்றின் தலைமயிரில் ஒரு சின்னக் கருவியை ஒட்டிவிட்டால், ஒவ்வொரு முங்கலிலும் வெப்பத்தையும் உப்பையும் அளந்து, மேலே வரும்போது செயற்கைக்கோளுக்கு அனுப்பும். ஆண்டுக்கொரு முறை மயிர் உதிரும்போது கருவியும் விழுந்துவிடும். தெற்குப் பெருங்கடலின் குளிர்காலத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் கணிசமான பங்கு இந்தச் சீல்கள் தந்ததுதான்.

தெற்குப் பெருங்கடலின் இன்னொரு பெரிய குணம், அதைத் தடுக்க நிலமே இல்லை என்பது. கண்டத்தைச் சுற்றிச் சுற்றி ஓடும் நீரோட்டம் அங்கே இருக்கிறது. நொடிக்கு 13 கோடி கன மீட்டருக்கு மேல் நீரை நகர்த்துகிறது. உலகத்து ஆறுகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதில் நூறில் ஒரு பங்குதான் வரும். இந்த ஓட்டத்தின்மேல் ஓயாமல் மேற்குக் காற்று வீசுகிறது. பூமி சுழல்வதால் காற்று தள்ளும் மேல்நீர் வடக்கே விலகிப்போகும். அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து நீர் ஏறி வரும். ஏறி வருவது பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் மூழ்கிய நீர். தொழிற்சாலைகள் வந்த பிறகான காற்றை அது பார்த்ததே இல்லை. குளிர்ந்தது, இன்றைய காற்றிலிருந்து வெப்பத்தை வாங்கிக்கொள்ளக் கூடியது. வாங்கிக்கொண்டு வடக்கே போய் மறுபடி மூழ்கிவிடும். அதனால்தான் ஆர்க்டிக் இவ்வளவு சூடாகியும் அண்டார்க்டிகாவைச் சுற்றிய மேல்நீர் வெகுகாலம் பெரிதாகச் சூடாகவில்லை. சூடு அங்கே நிற்காமல் கீழே போய்க்கொண்டிருந்தது.

அளவு எவ்வளவு? பூமியில் சேரும் கூடுதல் வெப்பத்தில் சுமார் 90 சதவீதம் கடலுக்குள் போகிறது. அதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தெற்குப் பெருங்கடல். மனிதர்கள் வெளிவிடும் கரியமில வாயுவில் சுமார் கால்வாசி கடலுக்குப் போகிறது. அதில் 40 சதவீதம் அளவுக்கு இதன் வழியாகத்தான். இதுமட்டும் இல்லாவிட்டால் நிலத்தின்மேல் இப்போது இருப்பதைவிட வேகமாகச் சூடு ஏறியிருக்கும். ஆனால் இதே வாசல் வழியாக வாயு வெளியேயும் வரும். ஆழத்தில் மக்கிய உயிர்ப்பொருளிலிருந்து வந்த கரியமில வாயு, ஏறி வரும் நீரோடு மேலே வந்து காற்றில் கலக்கிறது. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 180 அளவுதான் இருந்தது. பனியுகம் முடிந்ததும் 260-ஐத் தாண்டியது. அந்த வித்தியாசம் எங்கே ஒளிந்திருந்தது என்று தேடுபவர்கள் முதலில் கை காட்டுவது தெற்குப் பெருங்கடலின் ஆழத்தைத்தான். அப்புறம், ஏறி வரும் நீரில் நைட்ரேட், பாஸ்பேட் போன்ற சத்துகளும் இருக்கின்றன. அவற்றில் ஒரு பங்கு வடக்கே போய் வெப்பமண்டலக் கடல்களின் நுண்பாசிகளுக்கு உணவாகிறது. அங்கு கிடைக்கும் மீனுக்குப் பின்னால் தெற்குப் பெருங்கடலும் நிற்கிறது.

அண்டார்க்டிக் கடல்பனியைப் பற்றி ஒரு வார்த்தை. 2014-ல் அது குளிர்கால உச்சத்தில் 2 கோடி சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. ‘தெற்கே பனி கூடுகிறதே, அப்புறம் எங்கே வெப்பமாதல்?’ என்று கேட்டவர்கள் அப்போது நிறைய. 2016-க்குப் பிறகு சரிந்து, 2023 பிப்ரவரியில் 18 லட்சத்துக்குக் கீழே போனது. செயற்கைக்கோள் பதிவுகளில் அதுவரை அவ்வளவு குறைவாக இருந்ததில்லை. அந்த ஆண்டின் குளிர்கால உச்சமும் முந்தைய மிகக் குறைந்த உச்சத்தைவிடப் பத்து லட்சம் சதுர கிலோமீட்டர் குறைவு. இரண்டு மூன்று ஆண்டுப் போக்கை வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்பு எழுதக் கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம். ஆனாலும் மேல்நீருக்குச் சற்றுக் கீழே சேர்ந்த வெப்பம் இதில் கைவைத்திருக்கிறது என்பது வலுவான சந்தேகம்.

இப்போது வடக்கே. அட்லாண்டிக்கின் மேல்மட்டத்தில் சூடான உப்புநீர் வடக்கே போகிறது. கிரீன்லாந்தைச் சுற்றிய கடல்களில் குளிர்ந்து மூழ்கி, ஆழத்தில் தெற்கே திரும்புகிறது. 2004 முதல் 26.5 டிகிரி வடக்கில் கரைக்குக் கரை கருவிகள் கட்டி இதை அளக்கிறார்கள். சராசரி, நொடிக்கு சுமார் 1.7 கோடி கன மீட்டர். இது வடக்கே சுமக்கும் வெப்பம் ஒரு பீட்டாவாட்டுக்கு மேல். அதாவது மனிதகுலம் முழுவதும் செலவழிக்கும் ஆற்றலைப் போல ஐம்பது மடங்குக்கும் அதிகம்.

இதன் பலனை ஒரு வட்டாரத்தில் பார்க்க வேண்டுமானால் இரண்டு துறைமுகங்களை ஒப்பிடலாம். ரஷ்யாவின் மூர்மான்ஸ்க் 69 டிகிரி வடக்கில், ஆர்க்டிக் வட்டத்துக்குள் இருக்கிறது. குளிர்காலத்திலும் கப்பல் போகிறது. கனடாவின் சர்ச்சில் அதைவிடப் பத்து டிகிரி தெற்கே இருக்கிறது. ஆண்டில் பாதிக்கு மேல் அதன் கடல் உறைந்து கிடக்கும். இதில் கடலுக்கு மட்டும் முழுப் பாராட்டையும் கொடுக்க முடியாது. மேற்கிலிருந்து வீசும் காற்றுக்கும், அதை வளைத்துவிடும் ராக்கி மலைகளுக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவின் கிழக்குக் கரையோரமாக வடக்கே பாயும் சூடான நீரோட்டமான கல்ஃப் ஸ்ட்ரீம் நின்றுவிடும் என்று வரும் தலைப்புச் செய்திகளும் தவறானவை. காற்று வீசும்வரை, பூமி சுழலும்வரை அது ஓடும். ஆபத்து இருப்பது மூழ்கித் திரும்பும் பகுதிக்குத்தான்.

ஆபத்து உப்பு வழியாகவே வரும். உலகக் கடல்நீரில் ஆர்க்டிக்கின் பங்கு ஒரு சதவீதம். ஆனால் உலகத்து ஆற்றுநீரில் பத்தில் ஒரு பங்கு அதில் விழுகிறது. ஓப், எனிசெய், லேனா, மெக்கன்சி எல்லாம் அங்கேதான் போகின்றன. இந்த நன்னீர் மேலே மெல்லிய அடுக்காக நிற்பதால்தான், அதற்குக் கீழே இருநூறு மீட்டரில் கிடக்கும் சூடான அட்லாண்டிக் நீர் பனியைத் தொடாமல் இருக்கிறது. அந்த நன்னீர் மொத்தமாகத் தெற்கே வழிந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சின்ன ஒத்திகை 1960-களின் கடைசியில் நடந்தது. வழக்கத்துக்கு மேல் பனியும் நன்னீரும் கிரீன்லாந்துக்குக் கிழக்கே உள்ள ஃபிராம் நீரிணை வழியாக இறங்கி, வட அட்லாண்டிக்கைச் சுற்றி வரப் பத்தாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டன. கனடாவுக்கும் கிரீன்லாந்துக்கும் நடுவில் உள்ள லாப்ரடார் கடலில் சில குளிர்காலங்களுக்கு ஆழமாக மூழ்குவதே நின்றுபோனது.

பெரிய நாடகம் சுமார் 12,900 ஆண்டுகளுக்கு முன்னால் நடந்தது. பனியுகம் முடிந்து உலகம் சூடாகிக்கொண்டிருந்த சமயம், வட அட்லாண்டிக் மறுபடி குளிர்ந்து, ஆயிரம் ஆண்டுக்கு மேல் அப்படியே கிடந்தது. வட அமெரிக்கப் பனிப்படலம் உருகிய நன்னீர் மூழ்குவதைத் தடுத்ததுதான் காரணம் என்பது பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம். கேள்வியின் இரண்டாம் பாதிக்கு என்னிடம் இருக்கும் மிக வலுவான விடையும் இதுதான். வெப்பமண்டல மழைப்பட்டை எந்த அரைக்கோளம் சூடாக இருக்கிறதோ அந்தப் பக்கம் சாயும். வடக்கு குளிர்ந்தபோது அது தெற்கே நகர்ந்தது. ஆப்பிரிக்க, ஆசியப் பருவமழைகள் தளர்ந்தன. சீனாவின் ஹூலு குகையில் சொட்டுச் சொட்டாக வளர்ந்த சுண்ணாம்புத் தூண்களில் அந்தத் தளர்ச்சி பதிவாகியிருக்கிறது. கிரீன்லாந்தின் பனிக்கட்டியில் தெரியும் குளிரோடு அது பொருந்துகிறது. துருவக் கடலின் ஓரத்தில் உப்பு குறைந்ததற்குப் பருவமழை பதில் சொல்லியிருக்கிறது.

இந்த நூற்றாண்டில் அட்லாண்டிக் ஓட்டம் தளர்வதற்கு மிகப் பெரிய வாய்ப்பு இருக்கிறது என்று, தட்பவெப்ப மாற்றத்தை மதிப்பிடும் ஐ.நா. அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கை சொல்கிறது. 2100-க்குள் திடீரென்று முழுதாக நின்றுவிடாது என்பதில் அதன் நம்பிக்கை நடுத்தரம்தான்.

ஆர்க்டிக் பனி குறைவதால் மேல்வானக் காற்றோட்டம் நெளிந்து, நடு அட்சரேகைகளில் கடுங்குளிர் அலைகள் வருகின்றன என்ற கருத்து 2012 வாக்கில் புகழ்பெற்றது. இதில் நான் சற்றுத் தள்ளியே நிற்பேன். சில குளிர்காலங்களில் ரஷ்யாவுக்கு வடக்கே உள்ள பேரன்ட்ஸ், காரா கடல்களின் பனிக்குறைவுக்கும் ஆசியக் குளிருக்கும் தொடர்பு தெரிகிறது. நீண்ட பதிவுகளைப் பார்த்தால் தொடர்பு மங்கிவிடுகிறது. ஒரு குறிப்பிட்ட குளிர் அலைக்கு ஆர்க்டிக்கைக் கை காட்டுபவர்களை உடனே நம்ப வேண்டாம்.

கடைசியாகக் கடல்மட்டம். மிதக்கும் கடல்பனி உருகினால் மட்டம் அநேகமாக உயராது. அது ஏற்கெனவே நீரில்தான் இருக்கிறது. நிலத்தில் இருந்து கடலுக்குள் நீளும் பனியாறுகள்தான் விஷயம். மேற்கு அண்டார்க்டிகாவின் அமுண்ட்சென் கடலில், ஒரு டிகிரி அளவு ‘சூடான’ ஆழ்நீர் கண்டத்திட்டில் ஏறி மிதக்கும் பனித்தட்டுகளின் அடிக்குப் போகிறது. ஒரு டிகிரி என்ன பெரிய சூடா என்று தோன்றும். ஆனால் ஆயிரம் மீட்டர் ஆழத்தின் அழுத்தத்தில் பனி மைனஸ் 2.6 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். ஆக அந்த நீர் உருகுநிலைக்கு மூன்றரை டிகிரி மேலே இருக்கிறது. அங்கே கடலில் இறங்கும் த்வைட்ஸ் பனியாறு முழுவதும் போனால் உலகக் கடல்மட்டம் சுமார் 65 சென்டிமீட்டர் உயரும். அதைப் பின்பற்றிப் பக்கத்துப் பனியும் நகர்ந்தால் மீட்டர் கணக்கில்.

அந்த உருகுநீர் கரையோரமாக மேற்கே ஓடி ராஸ் கடலை எட்டுகிறது. 1950-களின் கடைசியிலிருந்து பல பத்தாண்டுகள் அங்கே உப்பு குறைந்துகொண்டே வந்தது. அடிநீர் உருவாவதும் மட்டுப்பட்டது. 2014-க்குப் பிறகு, எதிர்பாராத வகையில், உப்பு சில ஆண்டுகள் மறுபடி ஏறியது. அந்தக் கரையோரம் உறைந்த கடல்பனி அப்போது கூடியதே அதற்குக் காரணம் என்று அளவீடுகள் காட்டின.